ஏற்றத்தில் மட்டும் மூச்சு வாங்கிய எம்.எக்ஸ்-5: ஹரோவில் ஒரு சின்னக் கராஜ்

ஒக்ஸ்ஃபோர்ட்டில் இருந்து லண்டன் பக்கம் எம் 40 நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். 6ஆம் சந்தியைத் தாண்டியதும் பாதை சில்ற்றன் குன்றுகளில் ஏறத் தொடங்கும். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையை ஆழமாக வெட்டி நடுவால் பாதை போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேலே செந்நிறப் பருந்துகள் வட்டமிடும். உச்சிக்கு வந்தால் 5ஆம் சந்தி, ஸ்ரோக்கன்சேர்ச். என் 1992ஆம் ஆண்டு மஸ்டா எம்.எக்ஸ்-5 இந்த மார்ச் மாதத்தில் இருந்து பலம் இழந்தது அந்த ஏற்றத்தில்தான். ஒவ்வொரு நாளும் இல்லை. மூன்று நாள் ஒழுங்காக ஏறும், நாலாம் நாள் கைவிடும்.

கைவிடுவது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எல்லாமே அதில்தான் தங்கியிருந்தது. ஐந்தாம் கியரில் 65 மைல் வேகம். ஏற்றம் தொடங்கியதும் காலை அழுத்துவேன். முதல் அரை நிமிடம் சரியாக இழுக்கும். பிறகு யாரோ பின்னால் நின்று மெதுவாகப் பிடித்து இழுப்பதுபோல வேகம் குறையும். 60, 55, 50. காலைத் தரையோடு அழுத்தினாலும் எந்த மாற்றமும் இல்லை. குலுக்கல் இல்லை, வெடிச்சத்தம் இல்லை, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது. பின்னால் 44 தொன் லொறி முகப்பு விளக்கை அடித்துக்கொண்டு வரும். இந்தக் கார் ஒரு தொன் எடைகூட இல்லாதது, லொறியின் சில்லு உயரம்தான் என் தலை உயரம். 5ஆம் சந்தியில் இறங்கி, ஊருக்குள் ஓரிடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் இருந்துவிட்டுத் திரும்ப எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல வீடுவரை பறக்கும்.

நான் மருந்தாளர். வாரத்தில் மூன்று நாள் ஹரோவில் இருந்து ஒக்ஸ்ஃபோர்ட் போய் வேலை செய்கிறேன். காலையில் போகும்போது ஒருநாளும் பிரச்சினை வந்ததில்லை, மாலையில் திரும்பும்போது மட்டும்தான். இந்தக் காரை 2016இல் 2,300 பவுண்டுக்கு வாங்கினேன். ஹிரோஷிமாவில் பத்து லட்சமாவது எம்.எக்ஸ்-5 செய்து முடித்த வருடம் அது. வீட்டில் எல்லோரும் இரண்டு இருக்கைக் கார் எதற்கு என்று கேட்டார்கள். 1.6 லீற்றர் எஞ்சின், 115 குதிரைவலு, பின் சில்லுகளுக்கு இழுவை, எழும்பி வரும் முகப்பு விளக்குகள். ஒரு வளைவுக்குள் இதைத் திருப்பும்போது கைக்கும் றோட்டுக்கும் நடுவில் எதுவுமே இல்லாததுபோல இருக்கும். எட்டு வருடத்துக்கு மேல் ஓட்டியும் அந்தச் சந்தோசம் எனக்குக் குறையவில்லை. அதனால்தான் இதை விற்றுத் தொலை என்று சொன்ன யாருடைய பேச்சையும் கேட்கவில்லை.

முதலில் போனது வேறு ஒரு கராஜுக்கு, பெயர் தேவையில்லை. அங்கே ஒரு பெடியன் ஸ்கானரைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்ரியறிங்குக்குக் கீழே துளாவினான். ஐரோப்பாவில் 2001க்குப் பிறகு விற்கப்பட்ட பெற்றோல் கார்களில் இருக்கும், ஸ்கானரைப் பொருத்துகிற அந்த ஓ.பி.டி துவாரம் 1992ஆம் ஆண்டுக் காரில் எப்படி இருக்கும்? துவாரம் கிடைக்கவில்லை என்றதும் பாகங்களை மாற்றத் தொடங்கினார்கள். ஸ்பார்க் பிளக் நாலு, பிளக் வயர் செற், அதற்குப் பிறகு பழைய ஒரு காற்றளவி. ஒவ்வொரு முறையும் "இப்ப சரி" என்று திறப்பைத் தந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஏற்றம் இல்லாத ஹரோ வீதிகளில்தான் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். மொத்தம் 640 பவுண்ட். கடைசியில், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றர் அடைபட்டிருக்கும், அதையும் மாற்றுவோம் என்றபோது நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவதாகப் போன இடத்தில் காரை இரண்டு நாள் வைத்திருந்து, "எங்களுக்கு அந்தப் பிழை வரவில்லை" என்று திருப்பித் தந்தார்கள். காசு வாங்கவில்லை. அந்த நேர்மைக்கு நன்றி.

இந்தக் கராஜைச் சொன்னது என் மச்சாள். ரயில் பாதையை ஒட்டின ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. இரண்டு ராம்ப், ஒரு மேசை, ஒரு கேத்தில். அண்ணையும் அவருடைய மருமகனும் மட்டும்தான் வேலை செய்கிறார்கள். ஏற்கெனவே மூன்று வாரத்துக்கு வேலை வரிசையில் நிற்கிறது, பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஹரோ, வெம்பிளிப் பக்கம் இருக்கும் எங்கள் ஆட்களிடம் "பழைய கார் பார்க்கிற அண்ணை" என்று கேட்டால் காட்டுவார்கள்.

நான் போனதும் பொனற்றைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ பிள்ளை, முதல்ல கதையைச் சொல்லுங்கோ" என்றார். இருபது நிமிடம் கேள்விதான்.

"பலம் விழேக்க ஆர்.பி.எம் முள் என்ன செய்தது? சடாரெண்டு கீழ விழுந்து எழும்பினதோ, இல்லாட்டி வேகத்தோட சேர்ந்து இறங்கினதோ?"

"வேகத்தோட சேர்ந்து மெதுவாத்தான் இறங்கினது அண்ணை."

"குலுக்கினதோ?"

"இல்லை."

"அப்ப இது அடி இல்லை, பசி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. விளக்கமாகச் சொன்னார். இந்தக் காரில் ஆர்.பி.எம் முள்ளுக்குத் தகவல் போவது, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் பக்கத்தில் இருந்து. பிளக்கில் தீப்பொறி அறுபட்டால் முள்ளும் சேர்ந்து துள்ளும், எஞ்சின் யாரோ தடியால் அடித்ததுபோலக் குலுக்கும். பெற்றோல் போதாமல் போனால் அப்படி இல்லை, சோறு கிடைக்காத மனுசன் நடக்க நடக்கச் சோர்வதுபோலச் சோரும். இதை அவர் படித்தது யாழ்ப்பாணத்தில், ஸ்ரான்லி வீதிப் பக்கத்தில் ஒரு கராஜில், 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் கண்ணில் படாத அந்த நாட்களில் ஒஸ்ரின் ஏ 40 கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்புவது, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. "ஆறு பேரை ஏத்தி, கூரையில சைக்கிளும் கட்டிக்கொண்டு போகேக்க கார் நிண்டுபோனா, பிளக் கரி பிடிச்சு நிண்டதோ, எண்ணெய் வராமல் நிண்டதோ எண்டு காதாலதான் பிரிச்செடுக்க வேணும். திறந்து பாக்க நேரமிருக்காது, மேல ஹெலி சுத்தும்." நானும் அந்தக் கார்களில் போன பிள்ளைதான். பின் இருக்கையில் அம்மாவின் மடியில் இருந்தபோது வந்த அந்த மண்ணெண்ணெய்ப் புகை மணம் அந்த நிமிடம் ஞாபகம் வந்தது.

அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை: பலம் போன நாட்களில் தாங்கியில் எவ்வளவு பெற்றோல் இருந்தது? தெரியாது. வெயிலா, மழையா? சரியாகத் தெரியாது. சூப்பரா, சாதாரணமா? 2021 செப்ரெம்பரில் இருந்து இங்கே சாதாரண பெற்றோல் ஈ 10 (பத்து வீதம் வரை எதனோல் கலந்தது) ஆகிவிட்டது, நான் பழைய கார் என்பதால் பெரும்பாலும் சூப்பர்தான் அடிப்பேன், ஆனால் எப்போதும் இல்லை. அவர் கோபிக்கவில்லை. ஒரு கொப்பியை எடுத்து என் கையில் தந்தார். இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அதுவரை காரைத் தொடமாட்டாராம்.

என் தொழிலில் நாங்கள் நோயாளிகளிடம் செய்வதும் இதுதான். தலைச்சுற்று எப்போது வருகிறது, குளிசை போடுவதற்கு முன்னா, பின்னா, சாப்பிட்டீர்களா என்று எழுதச் சொல்வோம். அதனால் அந்தக் கொப்பியைக் கண்டதும் எனக்கு இவர்மேல் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் ஆறு பயணம், இரண்டு முறை பிழை. போதாது என்று இன்னும் இரண்டு வாரம் எழுதினேன். மொத்தம் பன்னிரண்டு பயணம், நாலு பிழை. எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நாலு முறையும் பெற்றோல் முள் பாதிக்குக் கீழே. நாலில் ஒரு நாள் நல்ல குளிர், இன்னொரு நாள் மழை, ஆகவே வெக்கை காரணமில்லை. சூப்பரிலும் வந்தது, ஈ 10இலும் வந்தது. காலையில் வராததற்கும் காரணம் வெளிச்சமானது. போகும்போது அந்த இடம் இறக்கம்.

இரண்டாம் முறை போனபோதுதான் பொனற் திறந்தது. இந்தக் காரில் எஞ்சின் அறைக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது, மூடியைத் திறந்தால் துளைகள். அதில் இரண்டு துளையைச் சிறு வயர்த்துண்டால் இணைத்து, ஒரு எல்.ஈ.டி விளக்கைப் பொருத்தினால் கணினி தன் முறைப்பாடுகளை மினுக்கிச் சொல்லும். ஸ்கானர் தேவையில்லை. ஒரு முறைப்பாடும் பதிவாகியிருக்கவில்லை. அதே பெட்டியில் வேறு இரண்டு துளையை இணைத்தால் எஞ்சின் ஓடாமலே பெற்றோல் பம்ப் ஓடும். அப்படி ஓடவிட்டு அழுத்தத்தைப் பார்த்தார், சரியாக இருந்தது. கற்றலிற்றிக் கொன்வேற்றர் அடைப்பா என்று வக்கியூம் கேஜ் ஒன்றை, எஞ்சின் காற்றை இழுக்கும் உறிஞ்சு குழாயில் மாட்டி 3,000 ஆர்.பி.எம்மில் ஒரு நிமிடம் பிடித்தார். புகைவழி அடைபட்டிருந்தால் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும் என்றார். அசையவில்லை. ஐந்நூறு பவுண்ட் வரை போகக்கூடிய அந்த வேலை ஒரு நிமிடத்தில் பட்டியலை விட்டுப் போனது.

"நிண்ட இடத்தில எல்லாம் சரிதான் பிள்ளை. வருத்தம் வாற இடத்துக்குப் போகவேணும். ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. ராங்க் கால்வாசிக்கு மேல இருக்கக்கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் இந்த மதிப்பீட்டையே எழுதுகிறேன்.

பெற்றோல் எஞ்சினுக்குள் போகும் குழாயில் ஒரு ரீ இணைப்புப் போட்டு, அழுத்தக் கேஜை நீண்ட குழாயோடு பூட்டினார். கேஜை உள்ளே கொண்டுவரவில்லை, பொனற்றின் பின் விளிம்பால் வெளியே எடுத்து, முன்கண்ணாடியின் இடது மூலையில் வெளிப்பக்கமாக ரேப் போட்டு ஒட்டினார். பெற்றோல் நிற்கும் குழாய் ஆட்கள் இருக்கும் இடத்துக்குள் வரவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். யாராவது இதை வீட்டில் செய்ய நினைத்தால் இந்த ஒரு விடயத்தை மறக்க வேண்டாம். புகைக்குழாயில் இருக்கும் ஒக்சிஜன் சென்சரில் இருந்து ஒரு வயரை இழுத்து உள்ளே மல்ரிமீற்றரில் மாட்டினார். அவர் ஓட்டினார். "நான் றோட்டைப் பாக்கிறன், நீங்கள் முள்ளைப் பாருங்கோ. சத்தமா வாசிச்சுக்கொண்டு வாங்கோ."

என்ன எண்களை எதிர்பார்க்க வேண்டும் என்பதையும் முதலே சொல்லித் தந்தார். சும்மா நின்று ஓடும்போது பெற்றோல் அழுத்தம் 31 பி.எஸ்.ஐ. அளவில் நிற்கும். முழுதாக மிதித்தால் 40 அளவுக்கு ஏறவேண்டும். ஏனென்றால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு உறிஞ்சு குழாயின் வக்கியூமையும் பார்த்துக்கொண்டிருக்கிறது, மிதிக்கும்போது அந்த வக்கியூம் போய்விடும். சென்சர் முழு மிதியில் 0.8, 0.9 வோல்ற் காட்ட வேண்டும், அதாவது பெற்றோல் தாராளமாகப் போகிறது. 0.1 என்றால் எஞ்சின் பட்டினி.

முதல் ஏற்றத்தில் கார் ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. 40, 40, 40 என்று வாசித்துக்கொண்டு வந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. இதோ, இவரும் பிழை வரவில்லை என்று சொல்லப்போகிறார். அவர் ஒன்றும் பேசவில்லை. 5ஆம் சந்தியில் இறங்கி, திரும்ப ஒக்ஸ்ஃபோர்ட் பக்கம் போய், 6ஆம் சந்தியில் திரும்பி, மறுபடி ஏறினார். இரண்டாம் முறையும் 40. மூன்றாம் முறை அந்த வெள்ளைப் பாறை வெட்டு தொடங்கிய இடத்தில் முள் அசைந்தது.

"38... 34... 31 அண்ணை... 26..."

"வோல்ற்?"

"0.8... 0.4... 0.1!"

உடனே காலை எடுத்துவிட்டார். நான் பல மாதமாக அந்த ஏற்றத்தில் காலைத் தரையோடு அழுத்திக்கொண்டுதான் வந்திருக்கிறேன். பெற்றோல் குறைவாகவும் காற்று கூடவும் போகும்போது எஞ்சினை வருத்தினால் உள்ளே சூடு ஏறிப் பிஸ்ரன் கரையும் என்று அப்போதுதான் சொன்னார். கடைசியாக நான் வாசித்த எண் 19.

மேலே ஏறி, ஊருக்குள் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தினோம். எஞ்சினை அணைக்கவில்லை. முதலில் பெற்றோல் மூடியைத் திறந்தார். தாங்கிக்குள் காற்றுப் போகும் வழி அடைபட்டிருந்தால் திறக்கும்போது "உஸ்" என்று காற்றை உள்ளே இழுக்கும். ஒரு சத்தமும் இல்லை. மிதிக்காமல் நிற்கும்போது முள் 31இல் அமைதியாக நின்றது. பிறகு அணைத்தார். ஐந்து நிமிடம் கழித்து எடுத்து ஓட்டினால் திரும்ப 40.

"பம்ப் உறிஞ்சேக்க எதோ ஒட்டுது. பம்பை நிப்பாட்டினா விலகுது. பில்ற்றர் அடைப்பெண்டா அடைப்புத்தான், ஐஞ்சு நிமிசத்தில தானாத் திறவாது." ஆனால் அதோடு அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. பம்புக்குப் போகும் மின்சாரம் அந்த நேரத்தில் குறைந்தாலும் இதே கூத்துத்தான் நடக்கும். இருக்கைகளுக்குப் பின்னால் விரிப்பை உயர்த்தி, மல்ரிமீற்றரைப் பம்பின் வயருக்கு மாற்றிவிட்டு, மறுபடி இறங்கி மறுபடி ஏறினோம். ஆறாவது ஏற்றத்தில் அழுத்தம் திரும்ப விழுந்தது. வோல்ற் 13.6இல் இருந்து அசையவேயில்லை. வயர், ரிலே எல்லாம் கணக்கில் இருந்து நீங்கின. மிச்சம் தாங்கிக்குள்தான். வரும் வழியில் பீக்கன்ஸ்ஃபீல்ட் சேவை நிலையத்தில் கோப்பி வாங்கித் தந்தது அவர். காசை நான் கொடுக்க விடவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. பார்க்கலாமா என்று கேட்டேன். "வாங்கோ, உங்கட கார்தானே" என்றார். இந்தக் காரில் பெற்றோல் பம்பை எடுக்க தாங்கியைக் கழற்றத் தேவையில்லை. இருக்கைகளுக்குப் பின்னால், விரிப்புக்குக் கீழே ஒரு தகட்டு மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் பம்பின் தலை தெரியும். சுற்றிவர உள்ள திருகாணிகளைக் கழற்றி, பம்பை மெதுவாகச் சரித்து வெளியே எடுத்தார். அதன் அடியில் ஒரு துணி வடி மாட்டியிருக்கும். முப்பது வருடத் தகரத் தாங்கியின் துருத்தூள் ஏறி அதில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணிறமாக இறுகிப்போயிருந்தது. மிச்ச ஒரு பங்கால்தான் எஞ்சின் இவ்வளவு நாளும் சாப்பிட்டிருக்கிறது. பிறகு ரோர்ச் அடித்துத் தாங்கிக்குள் பார்த்தார். நீண்ட கொக்கி ஒன்றால் எதையோ தட்டித் தட்டி எடுத்து என் கையில் வைத்தார்.

பத்துப் பென்ஸ் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய, பாதி கிழிந்த வெள்ளித் தாள். ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் பிளாஸ்ரிக் படலம்.

அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. எனக்கு ஒரு விநாடியில் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் நான் மருந்துப் போத்தல்களில் உரித்து எறிவது அதைத்தான், போத்தல் வாயில் சூட்டால் ஒட்டியிருக்கும் முத்திரைத் தாள். பெப்ரவரியில் எம்.ஓ.ரி என்ற வருடாந்த வாகனப் பரிசோதனைக்கு முதல் இஞ்செக்ரரைச் சுத்தமாக்கும் திரவம் ஒரு போத்தல் வாங்கி ஊற்றினேன். பெற்றோல் நிலையத்தில், மழையில், விரல் விறைத்துப்போய் முத்திரையை உரிக்க முடியாமல் வீட்டுத் திறப்பால் குத்தித் துளைத்து அப்படியே கவிழ்த்தேன். கிழிந்த துண்டு அதோடு போயிருக்கிறது. பிழை தொடங்கியது மார்ச்சில்.

அவரிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "சரி, இப்ப கணக்கு முடிஞ்சுது" என்றார். தாங்கி நிறைய இருக்கும்போது தாள் எங்கோ அலைந்து திரியும். குறையும்போது வடிக்குக் கிட்ட வரும். பம்ப் அதை இழுத்து வடியில் நல்லாயிருந்த அந்த ஒரு பங்கின்மேல் ஒட்டவைக்கும். ஏற்றமில்லாத றோட்டில் எஞ்சினுக்குக் கொஞ்சப் பெற்றோல் போதும், பம்ப் தள்ளுவதில் பெரும்பகுதி திரும்பத் தாங்கிக்கே வரும், அதனால் ஒன்றும் தெரியாது. நீண்ட ஏற்றத்தில் முழுதாக மிதிக்கும்போதுதான் எஞ்சின் முழுவதையும் கேட்கும், அப்போது இல்லை. அணைத்ததும் தாள் விலகும். துருவும் தாளும், இதில் எது எவ்வளவு என்று கேட்டேன். "அதைப் பிரிச்சுச் சொல்ல என்னால ஏலாது பிள்ளை, ரெண்டையும் எடுத்தாச்சு" என்றார். தெரிந்ததை மட்டும் சொல்லும் மனுசன்.

பம்பை மாற்றவில்லை. 40 வரை தள்ளிக் காட்டிய பம்பை எதற்கு மாற்றுவது என்றார். புது வடி, புது பில்ற்றர், தாங்கிக்குள் இருக்கும் சிறு குழாய்த் துண்டு, தலை மூடியின் றப்பர் வளையம், இவ்வளவுதான் மாற்றினார். அந்தக் குழாய்த் துண்டு பெற்றோலில் மூழ்கிக் கிடப்பதற்கென்றே செய்த தரமாக இருக்க வேண்டும், சாதாரண பெற்றோல் குழாய் போட்டால் வெளிப்பக்கம் ஊறிக் கரைந்துபோகும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழைய பெற்றோலை இறைத்து, தாங்கியின் அடியைக் கைக்கு எட்டும்வரை துடைத்து எடுத்தார். துரு இன்னும் வரும், இரண்டு வருடத்தில் வடியைத் திறந்து பார்க்க வேண்டும், தாங்கியை மாற்றும் நாள் ஒன்று வரும் என்றும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு கேஜைக் கழற்றாமலே மறுபடி கூப்பிட்டார். கால்வாசித் தாங்கி, அதே ஏற்றம், ஐந்தாம் கியர், முழு மிதி, நாலு முறை. முள் 40இல் ஆணி அடித்ததுபோல நின்றது. அதற்குப் பிறகுதான் கணக்கு எழுதினார். முதல் ஞாயிறு மூன்று மணித்தியாலத்துக்கு 150, செவ்வாய் வேலைக்கு 100, பாகங்களுக்கு 48, மொத்தம் 298 பவுண்ட். இரண்டாம் ஞாயிற்றுக்குக் காசு எடுக்கவில்லை. கொன்வேற்றர் மாற்றியிருந்தால்கூட இதைவிடக் கூட வந்திருக்கும், பிழையும் போயிருக்காது.

குறைகளையும் சொல்லவேண்டும். தொலைபேசியை எடுக்கவே மாட்டார். மாலை ஆறு மணிக்குப் பிறகு, கராஜ் கதவு மூடினபிறகு அடித்தால் சில நேரம் மருமகன் எடுப்பார். என்ன செய்தார்கள் என்ற எழுத்து அறிக்கை கிடைக்காது, ஒரு துண்டில் தொகை மட்டும்தான். பழைய காரை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பதிவு விற்கும்போது தேவைப்படும், அதனால் நான் எல்லாவற்றையும் என் கொப்பியில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். விரிப்பைப் பிடிக்கும் ஒரு கிளிப் உடைந்தது, சொல்லாமல் விட்டுவிட்டார். கேட்டதும் ஒத்துக்கொண்டு வேறு ஒன்று தேடித் தந்தார், ஆனால் நான் கேட்டிருக்கத் தேவையில்லை. ஒரு கிழமைக்குக் காருக்குள் பெற்றோல் மணம் இருந்தது, கூரையைத் திறந்து ஓட்டியே போக்கினேன். அவசரக்காரருக்கு இந்த இடம் சரிவராது. கொப்பி எழுதினது உட்பட முதல் நாளில் இருந்து கடைசி நாள் வரை எனக்கு ஏழு வாரம் எடுத்தது. கணினி நிறைந்த புதுக் கார்களையும் எடுக்க மாட்டார், நேரடியாகவே மறுத்துவிடுவார்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை அந்த ஏற்றம், தாங்கி நிறைந்தும் ஓட்டினேன், சிவப்புக் கோட்டுக்குக் கிட்டவும் ஓட்டினேன். ஒரு முறைகூடச் சோரவில்லை. போன வியாழன் கூரை திறந்திருந்தது, வெள்ளைப் பாறைக்கு மேலே ஒரு பருந்து காற்றில் அசையாமல் நின்றது, நான் ஐந்தாம் கியரிலேயே லொறிகளைத் தாண்டிப் போனேன்.

போகிறவர்கள் முதல் நாளே ஒரு கொப்பியோடு போங்கள். திகதி, இடம், வேகம், கியர், பெற்றோல் முள், காலநிலை, கடைசியாகத் தாங்கிக்குள் என்ன ஊற்றினீர்கள் என்பது வரை எழுதியிருந்தால் எனக்குப் போன அந்த நாலு வாரம் உங்களுக்கு மிச்சம்.